குழாயடியிலிருந்து டெல்லிக்கு

போன வாரம் ஆறு மூட்டை விரலி மஞ்சளை ஏத்திக்கிட்டு சேலம் லீ பஜாருக்குப் போயிருந்தேன். மஞ்சளை வேகவச்சு, காயவச்சு, மெருகு போட்டு மூட்டை கட்டுற கதையை முன்னாடியே எழுதிட்டேன், மறுபடியும் வேண்டாம். மண்டியில இறக்கினதும் விலை பேசிட மாட்டாங்க. ஆள் வரணும், மூட்டையைக் குத்திப் பார்க்கணும், முறிச்சுப் பார்க்கணும். அதுக்குள்ள ரெண்டு டீ குடிச்சிடலாம்.

கூட வந்தது என் அக்கா மகன். பக்கத்துப் பேரூராட்சியில கவுன்சிலர். ஜெயிச்சு ரெண்டு வருஷம் வரைக்கும் குழாய், சாக்கடை, தெருவிளக்குன்னு ஓடிக்கிட்டிருந்த பையன். இப்போ பேச்சே மாறிப்போச்சு. அவங்க கட்சிப் பெரியவர் யாரோ, "உனக்கு எம்.பி. ஆகிற முகம் இருக்கு"ன்னு சொல்லி வச்சிருக்கார். அந்த முகத்தைப் பேனர்ல போட்டுப் பார்க்கிற ஆசை வந்திருச்சு.

டீக்கடையில உக்காந்து கேட்டான்: "மாமா, வார்டு மெம்பரா இருந்து தேசிய அரசியலுக்குப் போனவங்க நம்ம பக்கம் யாராச்சும் இருக்காங்களா?"

"நாம உக்காந்திருக்கிற இடத்துலதாண்டா ஆரம்பிக்குது"ன்னேன்.

அவனுக்குச் சொன்னதையும், நேரமில்லாம சொல்லாம விட்டதையும் சேர்த்து இங்க எழுதுறேன். சேலத்தைத் தாண்டி ஏற்காடு போறப்ப மட்டும் எங்க ஊரைப் பார்க்கிற நகரத்து நண்பர்களுக்கு இது புதுசா இருக்கலாம்.

லீ பஜார் இருக்கிறது செவ்வாய்ப்பேட்டையில. சேலத்துக்கு முனிசிபாலிட்டி வந்தது 1866ல. அதுக்குப் பதினாறு வருஷம் கழிச்சு, 1882 ஆகஸ்ட்ல, இந்தச் செவ்வாய்ப்பேட்டையில பெரிய கலவரம். புதுசாக் கட்டின ஒரு பள்ளிவாசல், அது பக்கமாப் போற சாமி ஊர்வலம், மேளம் கொட்டலாமா கூடாதான்னு தகராறு. பேசித் தீர்த்திருக்க வேண்டியது பேசித் தீரல. பள்ளிவாசலை இடிச்சாங்க, உயிர் போச்சு, வீடுகள் எரிஞ்சது. ஊருக்குப் பெருமை சேர்க்கிற சங்கதி இல்லை இது. ஆனா இதைத் தாண்டாம அடுத்த ஆளைப் பத்திச் சொல்ல முடியாது.

கலவரத்தைத் தூண்டினவர்னு சொல்லி கைது பண்ணினவங்கள்ல ஒருத்தர் சி. விஜயராகவாச்சாரியார். அப்போ அவருக்கு வயசு முப்பது. பிறந்தது செங்கல்பட்டுப் பக்கம் பொன்விளைந்த களத்தூர். (களத்து மேட்டுல பொன் விளைஞ்சதுன்னு ஒரு ஊருக்குப் பேர் வச்சிருக்கான் பாருங்க, விவசாயி தவிர வேற யாரு வச்சிருப்பா.) சேலத்துக்கு வக்கீல் தொழில் பண்ண வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதே 1882ல சேலம் முனிசிபாலிட்டி உறுப்பினராவும் ஆகியிருந்தார். அன்னிக்கு முனிசிபாலிட்டி உறுப்பினரைக் கமிஷனர்னுதான் சொல்வாங்க. இன்னிக்குக் கமிஷனர்னா ஏசி ரூமில உக்கார்ற அதிகாரி. சொல் எப்படி இடம் மாறுது பாருங்க.

செஷன்ஸ் கோர்ட்ல அவருக்குப் பத்து வருஷம் தண்டனை விழுந்தது. கவர்னர் உத்தரவு போட்டு முனிசிபாலிட்டிப் பதவியையும் பறிச்சுட்டாங்க. அந்தக் காலத்துல ஒரு சின்ன ஊர் வக்கீலுக்கு அத்தோட கதை முடிஞ்சிருக்கணும். அவர் ஹைகோர்ட்டுக்குப் போனார். மெட்ராஸ்ல பேர் போன பாரிஸ்டர் எர்ட்லி நார்ட்டன் அவர் பக்கம் நின்னார். ஹைகோர்ட் விடுதலை பண்ணிருச்சு.

சிறையிலிருந்து வெளிய வந்தவர் என்ன பண்ணுவார்? சாமிக்கு மொட்டை போட்டுட்டு அமைதியா இருப்பார்னுதான் நாம நினைப்போம். இவர் அரசாங்கத்து மேலயே வழக்குப் போட்டார். என் முனிசிபாலிட்டி இடத்தை என்கிட்ட ஒரு வார்த்தை விளக்கம் கேட்காம எப்படிப் பறிச்சே, அதுதான் கேள்வி. எதிர்க்கட்சிக்காரர், இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர். 1884ல ஹைகோர்ட் தீர்ப்பு இவருக்குச் சாதகமா வந்தது. ஒருத்தரைப் பதவியிலிருந்து நீக்கணும்னா முதல்ல அவர் சொல்றதைக் காது கொடுத்துக் கேட்கணும், கேட்காம நீக்கினது செல்லாது. நஷ்ட ஈடு 100 ரூபாய்.

அந்த 100 ரூபாயைப் பத்தி நான் ரொம்ப யோசிச்சிருக்கேன். அவர் வக்கீல் செலவுல கால்வாசிக்குக்கூட அது காணாது. ஆனா ஒரு ஜில்லா டவுன்ல சாக்கடை, விளக்குக் கணக்குப் பார்க்கிற ஒரு இடத்துக்காக, சாம்ராஜ்யத்தைக் கோர்ட்ல நிறுத்தி ஜெயிச்சுக் காட்டிட்டார். இன்னிக்கு ஊராட்சித் தலைவர் ஒருத்தரைக் கலெக்டர் நீக்கணும்னா, 1994 பஞ்சாயத்துச் சட்டம் 205ஆம் பிரிவுப்படி நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்கணும், தாசில்தார் கூட்டம் போட்டு உறுப்பினர்கள் கருத்தைக் கேட்கணும். "விளக்கம் கேட்டு நோட்டீஸ்"னு ஒரு காகிதம் கைக்கு வர்றப்ப அது தொல்லையாத்தான் தெரியும். அந்தக் காகிதமே வராத காலமும் ஒண்ணு இருந்தது.

இன்னொரு விஷயம். இதே 1882 மே மாசம்தான் வைஸ்ராய் ரிப்பன் உள்ளாட்சி பத்தின தீர்மானத்தைக் கொண்டு வந்தார். உள்ளூர் நிர்வாகத்தை உள்ளூர்க்காரங்க பார்க்கட்டும், அது அவங்களுக்கு அரசியல் பழகுற பள்ளிக்கூடமா இருக்கட்டும்ங்கிறது அதோட சாரம். மேல அப்படி ஒரு தீர்மானம், கீழே சேலத்துல ஒரு உறுப்பினரை விளக்கம் கேட்காமத் தூக்கி எறியறாங்க. ரெண்டும் ஒரே வருஷம்.

சேலத்துக்காரருக்கு அந்தப் பள்ளிக்கூடம் நல்லாவே பாடம் சொல்லிக் கொடுத்திருச்சு. வழக்கு மூலமா அவர் பேர் நாடு பூரா தெரிஞ்சது. காங்கிரஸ் கட்சி தொடங்கின காலத்துலயே ஹியூமுக்கு வேண்டியவர். 1887ல மெட்ராஸ்ல நடந்த காங்கிரஸ்ல, கட்சிக்கு விதிமுறை எழுதப் போட்ட குழுவுல ஒருத்தர். 1895லேருந்து ஆறு வருஷம் மெட்ராஸ் சட்டசபை. 1913ல டெல்லியில இம்பீரியல் சட்டசபை. 1920 டிசம்பர்ல நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைவர்.

"காங்கிரஸுக்கே தலைவரா? நம்ம சேலத்துக்காரரா?"ன்னு அக்கா மகன் டீ கிளாஸைக் கீழ வச்சுட்டான். ஆமாடா, அகில இந்தியக் காங்கிரஸுக்கு.

அந்த நாக்பூர் கூட்டம் சாதாரணக் கூட்டமில்ல. 14,000க்கும் மேல பிரதிநிதிகள். காந்தியோட ஒத்துழையாமைத் திட்டத்தைக் காங்கிரஸ் உறுதி பண்ணினது அங்கதான். நாலணா கொடுத்தா யாரும் உறுப்பினர் ஆகலாம், மொழிவாரியா மாகாணக் கமிட்டி அமைக்கலாம்னு கட்சி விதியையே மாத்தினதும் அங்கதான். அதுவரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை கூடுற வக்கீல்கள் சபையா இருந்தது, நாலணா இருக்கிற குடியானவனும் உள்ள வரக்கூடிய கட்சியாச்சு. ஜின்னா எதிர்த்துப் பேசி, கூச்சலுக்கு நடுவுல காங்கிரஸை விட்டு விலகினதும் அதே கூட்டம்தான். மேடையில தலைமை நாற்காலியில செவ்வாய்ப்பேட்டை வழக்குல ஜெயிலுக்குப் போன பழைய முனிசிபாலிட்டிக்காரர்.

ஆனா அந்தத் திட்டத்துல அவருக்கு முழு மனசு இல்லை. கோர்ட்டைப் புறக்கணி, சட்டசபையைப் புறக்கணின்னா, கோர்ட்லயும் சபையிலயும் நின்னு ஜெயிச்ச மனுஷன் எப்படி மனசார ஒத்துக்குவார்? காந்தி பக்கம் அலையா அடிச்சது. பெரியவர் தலைமை தாங்கினார், ஜெயிச்சது அவர் கருத்து இல்லை. அதுக்கப்புறம் அரசியல் அவரைத் தாண்டிப் போயிருச்சு. 1944ல காலமானார். சேலத்துல அவர் பேர்ல நூலகம் இருக்கு. யாரு இவர்னு பஸ் ஸ்டாண்டுல நின்னு கேட்டுப் பாருங்க, எத்தனை பேர் சொல்றாங்கன்னு.

நாக்பூர்ல அடிச்ச அலையில காந்தி பக்கம் நின்ன இன்னொருத்தரும் சேலம் முனிசிபாலிட்டிக்காரர்தான். அவரை உங்களுக்குத் தெரியும்.

ராஜாஜி தொரப்பள்ளிக் கிராம முன்சீப் மகன். கிராம முன்சீப்னா இன்னிக்கு வி.ஏ.ஓ. மாதிரின்னு சுருக்கமாச் சொல்லலாம், ஆனா அதைவிட அதிகாரம் கூட. வரி வசூல், சின்னச் சின்ன வழக்கு எல்லாம் அவர் திண்ணைக்கு வரும். அப்படி வீட்டுல வளர்ந்தவர் 1900ல சேலத்துக்கு வக்கீலா வந்தார். நல்ல வருமானம். 1911ல முனிசிபாலிட்டி உறுப்பினர், 1917லேருந்து 1919 வரைக்கும் சேர்மன்.

சேலத்துல அன்னிக்கும் தண்ணிதான் பிரச்சினை. மேட்டூர் அணை வர்றதுக்கு முந்தின காலம். பனமரத்துப்பட்டி ஏரியிலிருந்து வர்ற தண்ணியை மணிக்கணக்குப் பார்த்துத் தெருத்தெருவாத் திறந்து விடணும். இந்தத் "தண்ணி திறந்து விடுற ஆள்" எவ்வளவு பெரிய ஆள்னு ஊர்ல இருக்கிற எங்களைக் கேளுங்க. அவர் ஒரு நாள் லீவு போட்டா கவுன்சிலர் வீட்டு வாசல்ல குடத்தோட கூட்டம் கூடிரும்.

சேர்மன் ராஜாஜி காலத்துல, அந்த வேலைக்கு ஒரு தாழ்த்தப்பட்ட இளைஞர் அக்ரகாரத் தெருவுக்குப் போனார். அவர் கை பட்டுத் திறந்த தண்ணியை நாங்க எப்படிக் குடிக்கிறதுன்னு எதிர்ப்பு கிளம்புச்சு. சேர்மனும் அய்யங்கார்தானே, நம்ம பேச்சைக் கேட்பார்னு நினைச்சிருப்பாங்க. அவர் வளைஞ்சு கொடுக்கல. சேலம் முனிசிபாலிட்டிக்கு முதல் தலித் உறுப்பினர் வந்ததும் அவர் காலத்துலதான். சுவாமி சகஜானந்தரை வீட்டுக்கு அழைச்சுச் சாப்பாடு போட்டதுக்கு, ஆசாரக்காரங்க அவரை ஒதுக்கி வச்சாங்க.

நான் இதை அக்கா மகனுக்கு ரெண்டு தடவை சொன்னேன். காரணம், அவன் வார்டுல இன்னிக்கும் ஒரு தெருவுக்குக் கடைசியாத்தான் தண்ணி போகுது. குழாய் மட்டம் அப்படிங்கிறான். எனக்கும் மட்டம் பார்க்கத் தெரியும். சொட்டு நீர் போட்ட தோட்டத்துல எந்தக் கடைசிக்கும் தண்ணி போய்ச் சேரும், போகணும்னு நினைச்சு குழாய் போட்டா.

அந்தச் சேர்மன் வேலைக்கு நடுவுல 1918ல இன்னொண்ணு. சேலத்துல இருந்த டாக்டர் வரதராஜுலு நாயுடு மேல, மதுரையில பேசின பேச்சுக்காக ராஜத்துரோக வழக்கு. அவருக்காகப் போய் வாதாடினது நம்ம சேர்மன். அரசாங்கம் பார்த்து முறைச்சா முனிசிபாலிட்டிக்குப் பணம் வராதேன்னு பயந்தா அப்படிப் போக முடியாது. பக்கத்துல ஈரோட்டுலயும் அப்போ ஒரு சேர்மன், ஈ.வெ.ராமசாமி. காவிரித் தண்ணியை ஈரோட்டுக்குக் குழாய்ல கொண்டு வந்தவர், தெருவை அகலப்படுத்த ஆக்கிரமிப்பை இடிச்சவர். ராஜாஜி அவரைக் காங்கிரஸுக்கு இழுத்தார். அவரும் சேர்மன் பதவியோட மத்த கௌரவப் பதவிகளையும் எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டார். அப்புறம் கள்ளுக்கு எதிரா சேலம் பக்கம் தாதம்பட்டியில இருந்த தன் தோப்புல 500 தென்னையை வெட்டிப் போட்டார்னு படிக்கிறப்பல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். கொள்கை பெருசுதான். ஆனா ஒரு தென்னை காய்க்க எத்தனை வருஷம் ஆகும்னு தெரிஞ்சவனுக்கு அந்தச் சத்தம் காதுல கேட்கும்.

ராஜாஜி 1919 தொடக்கத்துல சேலத்தை விட்டு மெட்ராஸுக்குக் குடிபோனார். அந்த மார்ச்சுல காந்தி கதீட்ரல் ரோட்டுல அவர் வீட்டுலதான் தங்கினார். ரௌலட் சட்டத்துக்கு எதிரா நாடு முழுக்க ஒருநாள் கடையடைச்சு உபவாசம் இருக்கலாம்ங்கிற யோசனை, விடியக்காலைத் தூக்கக் கலக்கத்துல காந்திக்கு வந்தது அந்த வீட்டுல. எழுந்ததும் முதல்ல சொன்னது ராஜாஜிகிட்ட. ஏப்ரல் 6ல நாடே கடையடைச்சுது. ரெண்டு மூணு மாசம் முன்னாடி வரைக்கும் சேலம் தெரு விளக்குக்கு எண்ணெய்க் கணக்குப் பார்த்த மனுஷன்.

அப்புறம் நடந்தது பள்ளிக்கூடப் புத்தகத்துலயே இருக்கு. காங்கிரஸ் பொதுச் செயலாளர், வேலூர் ஜெயில், 1948ல கவர்னர் ஜெனரல். அந்த உச்சாணிக் கொம்பைப் பத்தி நான் எழுத வரல. எங்க வீட்டு வாசலுக்கு அவர் திரும்பி வந்த ரெண்டு தடவையைப் பத்தி எழுதணும்.

முதல் தடவை 1937. மெட்ராஸ் மாகாணப் பிரதமரா ஆன கொஞ்ச நாள்லயே, அக்டோபர் 1ஆம் தேதி, சேலம் ஜில்லாவுல மதுவிலக்கு. மாகாணத்துல முதல் ஜில்லா எங்களோடதுதான். திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்துல 1925ல ஆசிரமம் போட்டு, அங்கிருந்து கல்கியோட சேர்ந்து "விமோசனம்"னு மதுவிலக்குக்குன்னே பத்திரிகை நடத்தினவர். குடி எந்த ஊர்ல எந்தக் குடும்பத்தை என்ன பண்ணுதுன்னு பார்த்துப் பழகின ஜில்லா, அதனால இங்கேயே ஆரம்பிச்சார்னு நினைக்கிறேன். கள்ளு இறக்கிப் பிழைச்சவங்க பாடு திண்டாட்டம் ஆனதும் உண்மை. போன வருமானத்துக்கு ஈடா 1939ல விற்பனை வரியைக் கொண்டு வந்தார். நாட்டுலயே முதல் பொது விற்பனை வரி. இன்னிக்கு நாம சோப்புக்கும் சீப்புக்கும் கட்டுற வரியோட கொள்ளுத்தாத்தா அதுதான்.

ஆனா எங்க வீட்டுல அந்த 1937 அக்டோபர் 1ஆம் தேதிக்கு வேற கணக்கு.

எங்க பூட்டனார், அதாவது எங்கப்பாவோட தாத்தா, 1926ல கிணறு ஆழப்படுத்த 150 ரூபாய் கடன் வாங்கினார். நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபா வட்டி. வருஷத்துக்கு 36 ரூபாய். பத்து வருஷம் கட்டினார், 360 ரூபாய். நடுவுல முப்பதுகள்ல விலையெல்லாம் சரிஞ்சு விழுந்தது. வித்தா வண்டிக்கூலி மிஞ்சாது. ஆனா வட்டி மட்டும் சரியல. பத்து வருஷம் கட்டியும் அசல் 150 அப்படியே நின்னுச்சு. கிணத்தடி நிலம் ஒண்ணரை ஏக்கர் கைவிட்டுப் போற நிலைமை.

1938 மார்ச்சுல ராஜாஜி அரசாங்கம் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டு வந்தது. அது சொன்னது இவ்வளவுதான். 1932 அக்டோபருக்கு முந்தி வாங்கின கடனா? 1937 அக்டோபர் 1ஆம் தேதி வரைக்கும் நிலுவையில இருக்கிற வட்டி பூராவும் தள்ளுபடி. அசலைப் போல ரெண்டு மடங்கு ஏற்கனவே கட்டியாச்சா, வட்டியாக் கட்டினாலும் சரி, அசலாக் கட்டினாலும் சரி, கடனே தீர்ந்தது. பிந்தி வாங்கின கடனா, அஞ்சு சதவீதம் மட்டும். சட்டம் வந்ததுக்கப்புறம் வாங்குறதுக்கு ஆறே கால் சதவீதத்துக்கு மேல கேட்கக் கூடாது.

150க்கு ரெண்டு மடங்கு 300. பூட்டனார் கட்டினது 360. தீர்ந்தது.

கடன் கொடுத்தவர் முதல்ல ஒத்துக்கல. அப்புறம் அவரோட வக்கீலே சொன்னதும், புரோநோட்டு மூலையைக் கிழிச்சுக் கையில கொடுத்துட்டார். கொடுத்த கையோட "இனிமே என் திண்ணைப் பக்கம் வராதே"ன்னாராம். அதுவும் நடந்தது. சட்டத்துக்கு அப்புறம் கைமாத்து கிடைக்கிறதே கஷ்டமாப் போச்சுன்னு தாத்தா சொல்வார். கடன் கொடுக்கிறவங்க நோட்டு எழுதாம, கிரயப் பத்திரமாவே எழுதிக் கேட்க ஆரம்பிச்சாங்களாம். சட்டம் போட்டா சந்துல நுழையிற வழியும் கூடவே வந்துரும். ஆனாலும் அந்த ஒண்ணரை ஏக்கர் மிஞ்சுச்சு. போன வாரம் லீ பஜாருக்குப் போன மஞ்சள் அதுல விளைஞ்சது.

ரெண்டாவது தடவை 1953. டெல்லியில உள்துறை மந்திரியா எல்லாம் இருந்துட்டு, 1952ல மெட்ராஸ் முதலமைச்சரா வந்திருந்தார். பள்ளிக்கூடம் மூணு மணி நேரம் போதும், மிச்ச நேரம் பிள்ளைங்க அப்பன் தொழிலைப் பழகட்டும்னு ஒரு திட்டம். குலக்கல்வின்னு பேர் வாங்கிக் கட்டிக்கிட்ட திட்டம். பலபேர் கவனிக்காத ஒரு விஷயம், அது முனிசிபாலிட்டி ஊர்களுக்கு இல்லை. கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கு மட்டும்தான். ஒரு காலத்துல முனிசிபாலிட்டி சேர்மனா இருந்தவர் போட்ட கோடு, முனிசிபாலிட்டி எல்லையிலயே நின்னுச்சு. உள்ளே இருக்கிற பிள்ளைக்கு முழுநாள் படிப்பு, வெளியே இருக்கிற பிள்ளைக்கு அரைநாள்.

எங்கப்பாவுக்கு அப்போ எட்டு வயசு. அவரைக் கேட்டா, வாழ்க்கையிலேயே குஷியான வருஷம் அதுதான்னு சொல்வார். மத்தியானம் ஆடு ஓட்டிக்கிட்டுப் போய் கரட்டுல விளையாட்டு. எட்டு வயசுப் பையனுக்கு வேற என்ன வேணும். பையனைக் கேட்டுச் சட்டம் போட முடியாதில்ல. தண்ணி திறந்து விட்ட இளைஞர் விஷயத்துல ஊரையே எதிர்த்து நின்னவர், பிறந்த தொழிலுக்கே பிள்ளைகளைத் திருப்பி அனுப்புற மாதிரி ஒரு திட்டம் எப்படிப் போட்டார்ங்கிறது எனக்கு இன்னும் பிடிபடல. பணம் இல்லை, பள்ளிக்கூடம் பத்தல, ரெண்டு ஷிஃப்ட் வச்சா நிறைய பிள்ளைங்க படிக்கலாம்னு அவர் தரப்புல காரணம் சொல்வாங்க. கணக்கு சரியாக்கூட இருக்கலாம். ஆனா அந்தக் கணக்கைக் கிராமத்து மேல மட்டும் எழுதினது சரியில்ல. ஒரு காலத்துல அவர் கூப்பிட்டுக் காங்கிரஸுக்கு வந்த ஈரோட்டு சேர்மனே முன்னால நின்னு எதிர்த்தார். 1954ல ராஜாஜி பதவி விலகினார், அடுத்து வந்த காமராஜர் திட்டத்தை எடுத்தே போட்டார்.

காமராஜருக்கும் ஒரு முனிசிபாலிட்டிக் கதை உண்டு, சின்னதுதான். ஜெயில்ல இருக்கிறப்பவே விருதுநகர் முனிசிபாலிட்டிக்குச் சேர்மனாத் தேர்ந்தெடுத்துட்டாங்க. வெளியே வந்தார், நாற்காலியில உக்காந்தார், உடனே ராஜினாமா பண்ணிட்டார். முழுசாப் பார்க்க முடியாத வேலையை வச்சுக்கிட்டு இருக்கக் கூடாதுங்கிறது அவர் எண்ணம்.

இதைச் சொன்னப்ப அக்கா மகன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "என்னை ராஜினாமா பண்ணச் சொல்றீங்களா மாமா?"

"நான் எங்கடா சொன்னேன். மஞ்சளைப் பார்க்க ஆள் வந்தாச்சு, எந்திரி."

விலை நாங்க நினைச்சதுல கொஞ்சம் குறைவு. முறிச்சுப் பார்த்துட்டு நிறம் பத்தலைன்னார். பத்தும்னேன். கடைசியில பேசி முடிச்சு, சீட்டு வாங்கிக்கிட்டுக் கிளம்பினோம். வண்டியில வர்றப்ப அவனுக்கு மூணு போன். மூணுமே தண்ணி விஷயம். மூணாவது போனுக்கு மட்டும், "அந்தக் கடைசித் தெருவுக்குக் குழாய் மட்டம் எவ்வளவுன்னு நாளைக்கு நானே வந்து பார்க்கிறேங்க"ன்னு சொன்னது என் காதுல விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்த புரோநோட்டைக் கேட்டான். மரப்பெட்டியில பட்டா, கிரயப் பத்திரத்தோட மடிச்சு வச்சிருக்கோம். பூட்டனாரோட கைநாட்டு, பின்பக்கம் வருஷா வருஷம் 36 ரூபாய் வரவு எழுதின வரிசை, கடைசி வரவு 1936 தை மாசம். மூலை கிழிஞ்சிருக்கு. போன்ல படம் எடுத்துக்கிட்டான். வெளிச்சம் சரியில்லாம மங்கலா விழுந்திருக்கு, பகல்ல இன்னொண்ணு எடுத்து அடுத்த பதிவுல போடுறேன்.